பன்னிரண்டு மூச்சுத் துளைகள்

கருவடிக்குப்பம், புதுச்சேரி
12 அக்டோபர் 2025

அன்புத் தம்பி கலைச்செல்வனுக்கு அக்கா ஹேமலதா எழுதுவது.

எல்லோரும் சௌக்கியம் என்று எழுதினால்தான் கடிதம் நகரும் என்பதால் எழுதிவிட்டேன். உண்மையில் அம்மாவுக்கு முட்டி வலி, உன் மாமாவுக்கு ஆட்டோ மேல் கோபம், எனக்கு உன் மேல் கோபம். சனிக்கிழமை மூன்று நிமிடம் போன் பேச விட்டால் அதில் இரண்டு நிமிடத்தை "கேக்குதா? கேக்குதா?" என்றே கழிக்கிறாய். மீதி ஒன்றை அம்மா பிடுங்கிக்கொண்டு "சாப்ட்டியாடா?" என்று கேட்டு முடித்துவிடுகிறாள். மொபைலைத்தான் வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கையை வாங்கி வைத்துக்கொள்ளவில்லையே, எழுது.

லடாக்கில் எண்ணெய் டெப்போவில் வேலை என்று நம் வைத்திக்குப்பம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா "வால்வு தொடைக்கிறான்" என்கிறாள். நீயே வந்து மாற்றிச் சொல்லிக்கொள்.

ஒரு விஷயம். எங்கள் மேட்டுப்பாளையம் கம்பெனியிலிருந்து போன ஆக்சுவேட்டர், அதாவது வால்வைத் திறந்து மூடும் உருளை, சில அந்தப் பக்கம் வந்திருக்கிறது. கண்ணில் பட்டால் எழுது. பதினாறு வருடமாகச் சோதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன், ஒன்றுகூட வேலை செய்யும் இடத்தில் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை.

குரங்குக் குல்லாய் இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று உனக்கு முன்னாலேயே அங்கே வேலைக்குப் போன அரியாங்குப்பம் ராஜ்கமலுக்கு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஹேமலதா


டெப்போ, லடாக்
2 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

குல்லாய் வந்தது. அம்மா முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாளா? மாமா ஆட்டோவோடு சமாதானம் ஆகிவிட்டாரா? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மூக்கு மட்டும் என்னுடையது மாதிரித் தெரியவில்லை.

அக்கா, பார்த்துவிட்டேன்! பன்னிரண்டு உருளைகள், பன்னிரண்டிலும் தகடு. கீழே "புதுச்சேரி", அதற்குக் கீழே சோதித்தவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. ஜூலையில் பொருத்தியிருக்கிறார்கள். எட்டு, வெளியே டாங்கிகளின் வால்வில். நான்கு, நாங்கள் இருபது பேர் தூங்கும் கட்டடத்தின் ஹீட்டருக்கு எண்ணெய் வரும் குழாயில். ராஜ்கமல் தினமும் காலையில் முதல் டாங்கி உருளைக்கு சல்யூட் அடித்து "வணக்கம் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் வேலை ஆரம்பிக்கிறான்.

அம்மாவுக்கு நீ படித்துக் காட்டுவதற்காக என் வேலையை எழுதுகிறேன். காற்று தள்ளினால் உருளை வால்வைத் திறக்கும். காற்றை நிறுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாகத் தள்ளி மூடிவிடும். ஆபத்து என்றால் அந்த மூடல்தான் எங்கள் உயிர். ஆனால் காற்றில் ஈரம் இருந்தால், இந்தக் குளிரில் அது உள்ளேயே பனிக்கட்டியாகி ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். அதனால் காலையும் மாலையும் காற்றுக் குழாயில் சேரும் தண்ணீரை வடித்து நோட்டில் எழுத வேண்டும். காற்றை உலர்த்தும் டிரையரைப் பார்க்க வேண்டும். உருளைகளுக்குச் சூடு தரும் பட்டையைச் சுற்றி, மேலே மெத்தைத் துணியில் சட்டை போட வேண்டும். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இப்படிப் போர்த்த மாட்டார்கள். வால்வு துடைக்கிறவன் இல்லை என்று அம்மாவிடம் சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி கலை


கருவடிக்குப்பம்
20 நவம்பர் 2025

அன்புள்ள கலைக்கு,

அம்மா முட்டி தேவலை. உன் கடிதத்தைப் படித்ததும் "என் புள்ள இருபது பேர காப்பாத்துறான்" என்று மார்க்கெட்டில் சொல்லிக்கொண்டே வஞ்சிரம் வெட்டினாள். அன்றைக்கு எடை கொஞ்சம் தாராளமாகவே போனது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை. கடிதத்தைக் கம்பெனிக்கு எடுத்துப் போய் மேனேஜர் சக்கரபாணி சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

அந்தப் பன்னிரண்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போன வருடப் புயல் வாரம். தொழிற்பேட்டை முழுக்க முழங்கால் தண்ணீர், பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை, லாரி வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறான். போதாததற்கு, ஸ்பிரிங் பக்கத்துக் காற்று வெளியே போய்வரும் மூச்சுத் துளைக்கு வழியில் உப்பும் தூசியும் போகாமல் போடும் சிவப்பு மூடியும் தீர்ந்துபோனது. ஆனாலும் நான் ஒன்றையும் திறந்து போட்டு அனுப்பவில்லை. அப்பா வழியில் ஒரு வேலை செய்தேன். நீ வந்ததும் சொல்கிறேன், சிரிப்பாய்.

மழை விடவில்லை. குளிரில் காதை மூடிக்கொள். ராஜ்கமலுக்கு என் பதில் வணக்கம்.

அக்கா ஹேமலதா


டெப்போ
14 டிசம்பர் 2025

அக்காவுக்கு,

இங்கே நலம். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

புயல் வாரத்தில் சிவப்பு மூடி இல்லாமல் அந்தத் துளையை எதை வைத்து அடைத்தாய்? சும்மாதான் கேட்கிறேன். மறந்திருந்தால் விடு.

கலை


கருவடிக்குப்பம்
29 டிசம்பர் 2025

அன்புள்ள கலைக்கு,

நலம் என்று ஒரு சொல் எழுதிவிட்டால் நலமாகிவிடுமா? அம்மா முட்டியைக் கேட்கவில்லை. மாமாவைக் கேட்கவில்லை. ராஜ்கமலைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுத்து கோணலாக இருக்கிறது. தபால்காரர் தந்ததிலிருந்து நான்கு முறை படித்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

கேட்டதற்குப் பதில். மெழுகுவர்த்தி. மழைக்கு முன்னால் போட்டைக் கரையேற்றினால் அப்பா எஞ்சின் புகைக்குழாயை மெழுகு உருக்கி அடைத்து, மேலே கிரீஸ் பூசுவாரே, அதே மாதிரி. உப்புக் காற்று உள்ளே போனால் இரும்பு என்ன ஆகும் என்று நம் குப்பத்தில் யாருக்குச் சொல்ல வேண்டும்? பன்னிரண்டையும் நானே அடைத்தேன். துளை இருக்கும் இடமே தெரியாது, அவ்வளவு நேர்த்தி.

சிவப்பு மூடி என்றால் பொருத்துகிறவன் பார்த்துப் பிடுங்கிப் போட்டுவிடுவான் என்பது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. என் மெழுகை யாராவது பிடுங்கினார்களா? ஏன் கேட்டாய்? சனிக்கிழமை போனில் "ஒண்ணுமில்ல" என்று இழுத்தாயே, அந்த இழுவை எனக்குப் பிடிக்கவில்லை. உடனே எழுது.

அக்கா


கருவடிக்குப்பம்
18 ஜனவரி 2026

கலை,

பதில் இல்லை. பனிப்புயலில் டெப்போ போனும் செத்துவிட்டது என்று உங்கள் சண்டிகர் ஆபீஸில் சொல்கிறார்கள். பொங்கலுக்குப் பானை வைத்ததும் தெரியவில்லை, இறக்கியதும் தெரியவில்லை.

நேற்று ராஜ்கமலின் மனைவி லட்சுமி வீட்டுக்கு வந்தாள். அரியாங்குப்பத்திலிருந்து பஸ் ஏறி, இடுப்பில் குழந்தையோடு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ராஜ்கமல் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னதை நின்றபடியே சொன்னாள்.

"டிசம்பர் ஒம்பதாந் தேதி டாங்கி நெரம்பி டீசல் வழிஞ்சிச்சாம். வால்வு மூடல. இவுரு ஓடிப்போயி கையால திருப்பி மூடியிருக்காரு. டீசல்ல நனைஞ்ச கையொற அந்தக் குளுருல கையோட ஒட்டிக்கிச்சு. வலது கையில ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. ஒங்க தம்பி தண்ணி வடிக்காம வுட்டதாலதான்னு வெசாரண நடக்குது. நீங்க கேட்டு சொல்லுங்க. எதுக்கு வடிக்கல?"

நான் அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை கலை. அவன் ஊருக்கு வந்ததும் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும், மிச்ச விரலாவது மடங்குமா என்று கேட்க வேண்டும் என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

ஒன்பதாம் தேதி நடந்திருக்கிறது. பதினான்காம் தேதி நீ எனக்கு "இங்கே நலம்" என்று எழுதினாய்.

அது என் உருளைதானே? ஆமாம், இல்லை, ஏதோ ஒன்றை எழுது.

ஹேமலதா


டெப்போ
25 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

உன் டிசம்பர் கடிதம் இன்றுதான் கையில் கிடைத்தது. அம்மா முட்டி எப்படி இருக்கிறது? மாமா நலமா? கேட்கவில்லை என்று திட்டினாய், கேட்டுவிட்டேன்.

இனியும் மறைத்துப் பயனில்லை. மூன்றாம் டாங்கியின் வால்வு பாதியில் நின்றது. ராஜ்கமலுக்குக் கையில் அடிபட்டது, தேறிவருகிறான். எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்த உருளையை நான்தான் கழற்றினேன். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் முழுக்கப் பனிக்கட்டி. துளையில் மெழுகு. வாசனை பார்த்ததுமே தெரிந்துவிட்டது அக்கா. கோடையில் வெயில் பட்டு இளகி எப்படியோ மூச்சு விட்டிருக்கிறது. குளிரில் கல்லாக இறுகிவிட்டது. சுரண்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

விசாரணையில், அன்றைக்குத் தண்ணீர் வடிக்காமலே நோட்டில் வடித்ததாக எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். வடித்தேன் அக்கா. இரண்டு வேளையும் வடித்தேன். ஆனால் அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும், என் பெயர் பக்கத்திலேயே இருந்தது.

மாத முடிவில் அனுப்பிவிடுவார்கள். எனக்கு வேறு வேலை கிடைக்கும். உனக்கு அந்தச் சோதனை மேஜை மறுபடி கிடைக்குமா? தொழிற்பேட்டையிலேயே அப்படியொரு மேஜையில் உட்கார்ந்த முதல் பெண் என்று நீதானே சொல்வாய். வாயைத் திறக்காதே. ராஜ்கமல் என்னோடு பேசுவதில்லை. அதையும் தாங்கிக்கொள்வேன்.

கலை


கருவடிக்குப்பம்
8 பிப்ரவரி 2026

டேய் கலை,

நலம் கேட்கும் நிலையில் நான் இல்லை.

உன் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாய் என்று படித்து அழுதேன், அது உண்மை. அழுது முடிப்பதற்குள் எனக்கு எண்ணத் தெரியும் என்பது ஞாபகம் வந்தது. நீ ஒன்றைச் சுரண்டினாய். மற்ற பதினொன்று? அதில் நான்கு, நீங்கள் தூங்கும் கட்டடத்தின் ஹீட்டரில் இருக்கிறது என்று நவம்பரில் நீதானே எழுதினாய். அவசரத்துக்கு எண்ணெய் நிற்காவிட்டால் உள்ளே இருக்கிற இருபது பேரும் என்ன ஆவீர்கள்? இது தெரிந்துகொண்டே "வாயைத் திறக்காதே" என்று எனக்கு எழுதுகிறாயா?

செருப்புகூட மாட்டாமல் கம்பெனிக்கு ஓடினேன். சக்கரபாணி சார் கதவைச் சாத்திவிட்டு, "ஒரு வெசாரண முடியப் போவுது. நீ ஏம்மா அத கெளப்புற? செத்த நேரம் பொறு, யோசிப்பம்" என்றார். அந்த நேரத்தில்கூட உங்களில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பீர்கள் என்றேன். அவர் மேஜையிலிருந்தே சண்டிகர் ஆபீஸுக்குப் போன் போட்டேன். அவர் தடுக்கவில்லை, அதை மட்டும் சொல்ல வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். என் பெயர், என் வேலை, பன்னிரண்டின் எண்கள், மெழுகு, எல்லாம் சொன்னேன். எழுதியும் அனுப்பினேன், நகல் இதோடு இருக்கிறது. வயர்லெஸ்ஸில் உங்களுக்குத் தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். சொன்னார்களா என்று தெரியாமல் ஐந்து நாளாக வீட்டுக்கும் கடற்கரைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறேன், நகலில் பார். அந்தப் புயல் வாரம் முழுக்க எங்கள் கம்ப்ரசரில் நான் தண்ணீர் வடிக்கவில்லை. ஈரக் காற்றை உள்ளே விட்டுச் சோதித்தேன், அது வெளியேற இருந்த வழியையும் அடைத்தேன். நீ செய்ததாக ஒப்புக்கொண்ட குற்றம் என்னுடையது. பொய்யில்கூட என் தப்பைத்தான் எடுத்துக்கொண்டாய்.

உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போடு.

அக்கா


டெப்போ
20 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். இருபது பேரும் இருக்கிறோம்.

நான்காம் தேதி காலையிலேயே உத்தரவு வந்தது. பதினொன்றையும் கழற்றச் சொன்னார்கள். ராஜ்கமலை மருத்துவமனையிலிருந்து விட்டதும், ஊருக்கு விமானம் கிடைக்காமல் டெப்போவுக்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு வந்து டார்ச் பிடித்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. எல்லாவற்றிலும் மெழுகு இருந்தது. ஏழில் பனிக்கட்டி. ஹீட்டர் குழாயில் இரண்டாவதைத் திறந்தபோது உள்ளே என் கட்டைவிரல் பருமனுக்குக் கட்டி.

"யாருடா அடச்சது?" என்றான். இரண்டு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"எங்க அக்கா."

"யாரு சொன்னது?"

"அவளேதான்."

பதினொன்று முடியும்வரை டார்ச்சை இடது கையில் பிடித்துக்கொண்டே நின்றான்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த நான்கைப் பற்றி யோசிக்காமல் இல்லை. விசாரணை தொடங்கியதும் எல்லா உருளைக்கும் சீல் வைத்துவிட்டார்கள், பிரிக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் உன் பெயர் வரும். அதனால் தினமும் படுக்கப் போகும்முன் அந்த நான்கையும் மெத்தைச் சட்டைக்கு மேலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். தொட்டுப் பார்த்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனாலும் தொட்டேன். என் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா. உனக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். பாதி, பயம்.

வால்வுக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள். விசாரணையில் பொய் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். நியாயம்தான். பாதை திறந்ததும் கிளம்பி வருகிறேன். ராஜ்கமல் நாளை மறுநாள் விமானத்தில் வருகிறான். குல்லாயை மறக்காமல் எடுத்து வைத்துக்கொண்டான்.

கலை


கருவடிக்குப்பம்
11 மார்ச் 2026

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா முட்டி, மாமா ஆட்டோ, இரண்டும் ஓடுகிறது. நீ சுகமாக வந்து சேர வேண்டும்.

என்னைச் சோதனை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உதிரி பாகம் கழுவும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். என் மேஜையில் இப்போது கலைவாணி என்று ஒரு பெண் உட்காருகிறாள். முதல் நாளே அவளைக் கூப்பிட்டுக் கம்ப்ரசரில் தண்ணீர் வடிக்கும் குழாயைக் காட்டினேன். "தெரியும் அக்கா" என்றாள். எனக்கும்தான் தெரிந்திருந்தது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பம் போனேன். அம்மா வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். பாலத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. இறங்கவில்லை.

ராஜ்கமல்தான் கதவைத் திறந்தான், இடது கையால். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை நினைத்து வைத்திருந்தேன். அதற்குள் அவனே பேசினான்.

"எங்கப்பாவும் போட்டுக்கு அப்பிடித்தான் மெழுவு வச்சி அடப்பாரு அக்கா. ஜூலையில அந்தப் பன்னெண்டு ஒருளயயும் பொருத்துனது நான்தான். தொளையில மெழுவு இருக்கறத பாத்தன். உப்புக் காத்துக்கு நம்ம ஊரு ஆளு யாரோ நல்லா அடச்சிருக்காங்கன்னு அப்பிடியே வுட்டுட்டன். வெசாரணயில இத நான் சொல்லல. கலைகிட்ட பேசாம இருந்தது அதனாலதான். அவன் மூஞ்சிய பாக்க முடியல."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு துளைக்கு மூன்று பேர் கலை. அடைத்தவள் நான், பார்த்தும் விட்டவன் அவன், சுரண்டி மறைத்தவன் நீ. மூன்று பேரில் யாராவது ஒருவர் முதலிலேயே வாயைத் திறந்திருந்தால் போதும்.

லட்சுமி உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தாள். அவன் சொன்னதை அவளும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. அவனுக்கு டம்ளரைப் பழக்கத்தில் வலது கையில் நீட்டினாள். நீட்டிய பிறகு பார்த்து, இடது கைக்கு மாற்றினாள். என் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. வர வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். செவ்வாய்க்கிழமை அவனைக் கோரிமேட்டுக்குக் கூட்டிப்போக மாமா ஆட்டோ வரும் என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை ஆட்டோ போனது. அவன், லட்சுமி, குழந்தை, மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள்.

வரும்போது உன் பையில் இருக்கும் அந்த மெழுகைத் தூக்கி எறியாதே. கொண்டு வா. என் மேஜையில், இல்லை, கலைவாணியின் மேஜையில் வைக்க வேண்டும்.

வழியில் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஹேமலதா